பதினோரு வருட டிரெய்னி

ஏற்காடு பனிமலர் லாட்ஜில் கண்ணாயி பதினோரு வருடம் டிரெய்னியாக இருந்தாள். அத்தனை வருடத்தில் ஒருவர் டாக்டருக்குப் படித்து, மேல்படிப்பும் முடித்து, சேலத்தில் கிளினிக் போட்டு, வாசலில் ஒரு காரையும் நிறுத்தியிருக்கலாம். கண்ணாயி ரூம் பெருக்கவும் மெத்தை விரிக்கவும் கற்றுக்கொண்டே இருந்தாள். அவள் தோளில் சேலையோடு குத்தியிருந்த பிளாஸ்டிக் அட்டை அப்படித்தான் சொல்லிற்று.

அந்த அட்டை முதலாளி கோவிந்தராஜின் ஏற்பாடு. அவருக்குச் சேலத்தில் ஜவ்வரிசி ஆலை இருந்தது. மலை மேல் லாட்ஜ் வாங்கியது 2007-இல். வாங்கிய கையோடு ஒரு ஆடிட்டர் அவர் காதில் வேதம் ஓதினார். வேலையாள் என்று எழுதினால் பி.எஃப்., லீவு, போனஸ் என்று ஒரு ஊர்வலமே பின்னால் வரும். பயிற்சிக்கு வந்தவர் என்று எழுதினால் ஒரு ஊக்கத்தொகையோடு கதை முடிந்தது. என்ன, ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதற்கும் ஆடிட்டரிடம் வழி இருந்தது. ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் கண்ணாயியை அனுப்பிவிட வேண்டியது. ஏப்ரல் ஒன்றாம் தேதி, முன் அனுபவம் எதுவும் இல்லாத புது ஆளாக மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டியது. தேதியைப் பார்த்தாவது யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம். ஒருவரும் படவில்லை.

இந்தப் போக்குவரத்தெல்லாம் காகிதத்தில்தான். கண்ணாயி மார்ச் முப்பத்தொன்றிலும் ரூம் பெருக்கினாள், ஏப்ரல் ஒன்றிலும் பெருக்கினாள். வருடத்துக்கு ஒரு முறை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு தமிழ்க் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். தமிழில் எழுதியதற்கும் காரணம் உண்டு. ஆளுக்குப் புரிகிற மொழியில் கையெழுத்து வாங்கினால்தான் நாளைக்குக் கோர்ட்டில் நிற்கும் என்பது ஆடிட்டர் கணக்கு. 'தாங்கள் ஓராண்டுக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்படுகிறீர்கள்' என்று கடிதம் தொடங்கும்.

அந்த வரி கண்ணாயியின் ஊரான மஞ்சக்குட்டையில் ஒரு பெரிய குழப்பத்தைக் கிளப்பிவிட்டது. கண்ணாயியின் புருஷன் சின்னையன் மேட்டு நிலத்தில் சாமையும், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பியும் வைத்திருந்தான். பயிற்சியாளர் என்ற சொல்லை அவன் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டிருந்தான். பள்ளிக்கூடத்துக் கபடி டீமுக்கு விசில் ஊதி, பையன்களை வைது வைது ஆடக் கற்றுக் கொடுத்தாரே, அவரை அப்படிச் சொல்வார்கள். ஆகவே லாட்ஜில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கற்றுக் கொடுக்கத் தன் பெண்டாட்டியை எடுத்திருக்கிறார்கள் என்று சின்னையன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். கண்ணாயி ஒரு வாரம் மறுத்துப் பார்த்தாள். அடக்கமான பொம்பளை என்று பேர் வந்ததுதான் மிச்சம். ஷேர் ஜீப்பில் அவளுக்கு முன்சீட்டு ஒதுக்க ஆரம்பித்ததும் அவள் மறுப்பதை நிறுத்திக்கொண்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

லாட்ஜில் அவளுக்குக் கற்றுக் கொடுக்க ஒரு ஜீவன் கிடையாது. முதல் நாள், அப்போதிருந்த மேனேஜர் ஒரு அடுக்கு வெள்ளை விரிப்புகளைக் கையில் திணித்து, கீழ் வரிசை எட்டு ரூமுக்கும் விரித்துவிடு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். கண்ணாயி அதுவரை மெத்தையில் படுத்தவள் இல்லை. விரித்தாள். நாலு மூலையிலும் துணி தொங்கியது. அதை என்ன செய்வது என்று யோசித்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாமைத் தாளைக் கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருவது. அந்தக் கட்டுக்கு ஒரு முடிச்சு உண்டு. மேட்டிலிருந்து இறங்கி வீடு சேர்கிறவரை அவிழாது. மெத்தையைத் தூக்கி, ஒவ்வொரு மூலையையும் அடியில் முறுக்கி, அந்த முடிச்சைப் போட்டுவிட்டாள்.

மேனேஜர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் நாலு வாண்டுகளோடு ரூமுக்குள் நுழைந்துவிட்டது. மூன்று நாள் அந்த நாலும் மெத்தை மேல் குதியாட்டம் போட்டன. விரிப்பு அரை அங்குலம் நகரவில்லை. பக்கத்து ரூம்களில், மேனேஜர் கையால் மடித்துச் செருகிய விரிப்புகள் காலையில் தரையில் கிடந்தன. அந்த வாரக் கடைசியில் மேனேஜரே கண்ணாயியிடம் வந்து, அந்த முடிச்சை இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னார். அவள் பயிற்சியில் சேர்ந்து அப்போது ஆறு நாள் ஆகியிருந்தது.

மீதியெல்லாம் கெடுத்துக் கற்றுக்கொண்டது. கம்பளியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, தொட்டில் பிள்ளைக்கு மட்டும் போர்த்தலாம் என்கிற அளவுக்குச் சுருக்கினாள். ஐப்பசி மாதத்தில் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தாள். மூடுபனி உள்ளே வந்து மெத்தையில் இறங்கிவிட்டது. அன்று தங்கிய புதுமாப்பிள்ளை, ஏதோ ஏரிக்குள் படுத்த மாதிரி இருந்தது என்று காலையில் சண்டை பிடித்தார். அதற்குப் பிறகுதான் பதினொரு மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கு அடைக்க வேண்டும் என்று தெரிந்தது. மழை விடாத வாரங்களில் துணியைக் காயப்போட, வெந்நீர் பாய்லர் இருக்கும் அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினாள். அலமாரிகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சட்டி அடுப்புக்கரி வைத்தாள். மலையில் மழைக்காலத்தில் ஒரு லாட்ஜுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு, துப்பட்டி ஈரமாக இல்லை என்பதுதான். பனிமலர் லாட்ஜுக்கு அது கிடைத்தது. ஒரு தடவை வந்தவர்கள் மறு தடவையும் வந்தார்கள். லாட்ஜுக்கு நல்ல ராசி என்று கோவிந்தராஜ் வாசலில் இன்னொரு பூசணிக்காய் கட்டினார்.

மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லாரும் கேட்டரிங் படித்தவர்கள். முதல் மாதம் "ஏம்மா" என்று கூப்பிடுவார்கள். இரண்டாம் மாதம் அது "அக்கா" ஆகும். மூன்றாம் மாதம், "அக்கா, இத எப்படிங்க்கா பண்றது" என்று வந்து நிற்பார்கள். எல்லாம் பிடிபட்டதும், அனுபவம் உள்ளவர் என்று பெங்களூரில் யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் கண்ணாயியைக் கேட்காமல், துணியெல்லாம் சேலத்து வெயிலில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று திட்டம் போட்டு, மூட்டை மூட்டையாகக் கீழே அனுப்பினார். காயவும் செய்தது. திரும்பி வருகையில் திறந்த ஜீப் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாதி மலையில் மழையை வாங்கிக்கொண்டு வந்தது. போனதை விட ஈரமாக வந்த துணியை அவர் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ணாயி நெடுநாள் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசியாக வந்தவன் பாலசுப்பிரமணியம், தாரமங்கலத்துப் பையன். வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்கா கட்டத்தைத் தாண்டி, எப்படிங்க்கா கட்டத்தில் இருந்தான்.

2018-இல், பெங்களூரிலுள்ள ஒரு பெரிய டூர் கம்பெனி பனிமலர் லாட்ஜைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. வருடம் முழுக்க பஸ் பஸ்ஸாக ஆள் அனுப்புவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ரூம்களைக் கவனிக்கிற ஆட்களில் ஒருவராவது சான்றிதழ் வாங்கிய சூப்பர்வைசராக இருக்க வேண்டும். கோவிந்தராஜ் இரண்டு நாள் யோசித்தார். சேலத்தில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி, சான்றிதழோடு ஆட்களையும் தானே கொண்டுவந்து இறக்குவதாகச் சொன்னது. அப்படி வந்தால் கண்ணாயியும் அவள் கையில் வேலை பழகிய மற்ற டிரெய்னிகளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கண்ணாயிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. வேறு எங்கே போய்க் கேட்டாலும் காட்டுவதற்கு அவளிடம் இருந்தவை பதினோரு கடிதங்கள். அத்தனையிலும் முன் அனுபவம் இல்லை என்று எழுதி, அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வழி கண்டுபிடித்தவன் பாலசுப்பிரமணியம். வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்றவர்களை, அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே வந்து சோதித்துச் சான்றிதழ் தரும் திட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னான். படிப்பு வேண்டாம். மூன்று வருடம் அந்த வேலையைச் செய்ததற்கு முதலாளி அத்தாட்சி தந்தால் போதும். காண்ட்ராக்ட் கம்பெனியை விட இது மலிவு என்று கேட்டதும் கோவிந்தராஜ் உடனே சரி என்றுவிட்டார். அத்தாட்சி என்ற சொல் அந்த நேரத்தில் அவர் காதில் விழவில்லை.

சோதிக்க வந்தவர் சரஸ்வதி மேடம், கோயம்புத்தூர்க்காரர். கறாரான ஆள். கால் வலி வேறு. படியேறி வந்த கோபத்தோடு, காலி செய்த ஒரு ரூமைத் திறக்கச் சொல்லி, வாசலிலேயே முதல் கேள்வியைக் கேட்டார். ரூமுக்குள் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? ஜன்னலைத் திறப்பேன் என்பது புத்தகப் பதில். பாலசுப்பிரமணியம் கண்ணாயிக்கு அதை நாலு நாளாகச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தான்.

"மோந்து பாப்பனுங்க," என்றாள் கண்ணாயி.

பாலசுப்பிரமணியம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மேடம் பேனாவை மூடிவிட்டு, எங்கே, மோந்து பார் என்றார். கண்ணாயி உள்ளே போய் ஒரு இழுப்பு இழுத்தாள். இங்கே ஸ்டவ் பற்ற வைத்துத் தக்காளிச் சாதம் கிளறியிருக்கிறார்கள், அலமாரிக்குப் பக்கத்தில். சின்னக் குழந்தை இருந்திருக்கிறது, மெத்தை நனைந்திருக்கிறது, இடது பக்கம். ஆகவே முதல் வேலை மெத்தையைத் தூக்கி பாய்லர் அறைக்குக் கொண்டுபோவது, ஜன்னல் அப்புறம், இப்போது பனி இறங்குகிறது என்றாள். மேடம் குனிந்து பார்த்தார். அலமாரிக்கு அடியில் வெங்காயச் சருகு கிடந்தது. மெத்தையின் இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பிறகு இரண்டு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. கண்ணாயி வேறு மெத்தை கொண்டுவந்து போட்டு, விரித்து, முடிச்சுப் போட்டாள். மேடம் விரிப்பின் மூலையைப் பிடித்து இழுத்தார், இரண்டு கையாலும் இழுத்தார், கடைசியில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இந்த முடிச்சை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். சாமைக் கட்டு என்றாள் கண்ணாயி. மேடம் அதையும் எழுதிக்கொண்டார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. கண்ணாயிக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

மீதி உயிர் ஆபீஸ் ரூமில் போனது. மேடம் அத்தாட்சி கேட்டார். கோவிந்தராஜ் தும்பைப்பூச் சட்டையும் விபூதியுமாக, பெருமையோடு ஃபைலை எடுத்து நீட்டினார். மேடம் பதினோரு கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று. பேர் ஒன்று, ஆள் ஒன்று, வேலை ஒன்று, ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த அம்மாள் ஒன்றும் தெரியாதவளாகப் புதிதாகப் பிறந்திருக்கிறாள்.

"ஏனுங்க சார், ஒரே ஆளு பதினோரு வருஷம் பயிற்சியில இருந்தா, கத்துக்கறவங்களுக்கு ஒண்ணும் ஏறலைன்னு அர்த்தம். இல்லீன்னா ஏறுனத மறைச்சு நீங்க பொய் எழுதியிருக்கறீங்கன்னு அர்த்தம். ரெண்டுல எதுங்க?"

கோவிந்தராஜ் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், நடுவில் எங்கேயோ நிற்கிறவர். கண்ணாயி மகள் கல்யாணத்துக்கு ஒரு பீரோ வாங்கிக் கொடுத்தவர்தான். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் கண்முன் லேபர் ஆபீசும் கோர்ட்டும் ஆடிட்டரின் முகமும் ஓடின. வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பொம்பளைக்கு எத்தன சொன்னாலும் மண்டையில ஏறாதுங்க மேடம். பாவம்னு வெச்சிருக்கறனுங்க."

கண்ணாயி கதவருகே நின்றிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஊக்கத்தொகை என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டபோது வராத அழுகை, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வருடம்கூட லீவு கிடைக்காதபோது வராத அழுகை. ஏறாது என்ற ஒரு சொல் அவளைச் சுட்டுவிட்டது. ஆனால் அழுகையை விட ஆத்திரம் வேகமாக வந்தது. தோளிலிருந்த அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"ஏறலீங்க, செரிங்க. அப்ப இன்னிக்கி பதினாறு ரூமும், ஏறுனவங்க யாராச்சும் பண்ணிக்கட்டுமுங்க."

இரண்டு மணிக்கு நாமக்கல்லிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறது என்பது அங்கே மேடத்தைத் தவிர எல்லாருக்கும் தெரியும். கோவிந்தராஜ் மேனேஜரைப் பார்த்தார். கேட்டரிங் படித்தவன், கையில் பட்டம் உள்ளவன், அவனுக்கு ஏறியிருக்கும் அல்லவா? பாலசுப்பிரமணியம் மேஜை மேல் கிடந்த அட்டையைப் பார்த்தான்.

"சார், எனக்கே கத்துக் குடுத்தது அக்காதானுங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் அக்காதானுங்க. காலேஜ்ல நான் படிச்சது ஏசி ரூமுங்க. பனி உள்ள வர்ற ரூமுக்கு அங்க பாடம் இல்லீங்க."

சொன்ன பிறகு அவன் வேலை போய்விட்ட ஆள் மாதிரி நின்றான். பையனுக்குத் தைரியம் அதிகம் கிடையாது. இருந்ததையெல்லாம் அந்த ஒரு பேச்சில் செலவழித்துவிட்டான். கண்ணாயி அவனை வேறு கண்ணோடு பார்த்தாள்.

சரஸ்வதி மேடம் மறுபடி ஒரு கடிதத்தை எடுத்து, முதல் வரியில் விரலை வைத்தார்.

"இதுல பயிற்சியாளர்னுதானுங்க போட்டிருக்கீங்க. எங்க ஆபீஸ்ல எனக்கும் இதே பேர்தான். நான் கத்துக் குடுக்கறவ. அப்ப இந்தம்மா பதினோரு வருஷமா கத்துக் குடுத்துட்டு இருந்தாங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, இல்லீங்களா?"

ஆடிட்டர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார், தமிழை மட்டும் யோசிக்கவில்லை. கற்றுக்கொள்கிறவருக்கும் பயிற்சியாளர், கற்றுக் கொடுக்கிறவருக்கும் பயிற்சியாளர் என்று இந்த மொழி ஒரே சட்டையை இரண்டு பேருக்கும் மாட்டி வைத்திருந்தது. மஞ்சக்குட்டையில் சின்னையன் சொன்னபோது கண்ணாயியே மறுத்திருந்தாள். இப்போது கோயம்புத்தூரிலிருந்து வந்த அதிகாரி அதையே சொன்னார். தான் தப்பிக்கிற கதவு அது ஒன்றுதான் என்று கோவிந்தராஜுக்கும் புரிந்துவிட்டது. இரண்டாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டால் பொய்யும் இல்லை, கோர்ட்டும் இல்லை, டூர் கம்பெனி பஸ்ஸும் வரும். முன் அனுபவம் இல்லை என்ற வரி டைப் அடித்தவனின் தப்பு என்று ஆகிவிடும். டைப் அடித்தவன் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தான்.

ஆமாங்க மேடம், அப்படித்தானுங்க என்றார் கோவிந்தராஜ். அப்படியானால் அதை ஒரு வரியில் லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள் என்றார் மேடம். கோவிந்தராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே எழுத உட்கார்ந்தார். கண்ணாயி மேஜையருகே வந்து நின்றாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தலைகீழாக இருந்தாலும் எழுத்துக் கூட்டிவிடுவாள்.

'திருமதி கண்ணாயி எங்கள் விடுதியில் பதினோரு ஆண்டுகள் பணியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் சிறப்பாகப் பயிற்சி பெற்றார்' என்று எழுதினார். பழக்க தோஷம். பதினோரு வருடம் அவளைக் கற்றுக்கொள்கிறவளாகவே வைத்துக் கையெழுத்துப் போட்ட கை.

"பெற்றார் இல்லீங்க. அளித்தார்னு போடுங்க," என்றாள் கண்ணாயி.

கோவிந்தராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே அளித்தார் என்று எழுதப்போனார். அடித்தல் திருத்தல் கூடாது என்றார் மேடம். புதுத் தாள் எடுத்து, முழுவதையும் மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாயி தாளைக் கையில் வாங்கி ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"ரெண்டு ஜெராக்ஸ் வேணுமுங்க."

எதற்கு இரண்டு என்று கேட்டார் கோவிந்தராஜ். ஒன்று மேடத்தின் ஃபைலுக்கு என்றாள். இன்னொன்று?

"ஏரிக்கரை ரோட்டுல புதுசா ரிசார்ட் கட்டறாங்களேங்க, அவங்க கேட்டாங்கன்னா குடுக்கறதுக்குங்க."

பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கோவிந்தராஜுக்கு, கண்ணாயி இல்லாத லாட்ஜ் கண்ணில் தெரிந்தது. ஈர மெத்தைகள், சுருங்கிய கம்பளிகள், தரையில் கிடக்கும் விரிப்புகள், எப்படிங்க்கா என்று கேட்க ஆள் இல்லாமல் நிற்கும் மேனேஜர். பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மேடம் இன்னும் படியிறங்கவில்லை. அதற்குள் அவர் பாலசுப்பிரமணியத்தைக் கூப்பிட்டு, சூப்பர்வைசர் வேலைக்கு நியமனக் கடிதம் ஒன்று உடனே அடித்துக்கொண்டு வரச் சொன்னார். கண்ணாயி அதை வரிவரியாகப் படித்தாள். ஓராண்டு என்ற சொல் எங்கும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். ஏரிக்கரை ரோட்டுக்கு எடுத்த ஜெராக்ஸை அவள் திருப்பித் தரவில்லை.